துறைமுகக் கூலியும் துப்புரவுக் கூலியும்

இலண்டன் மாநகரின் கிழக்குப் பகுதியில், பிரிக் லேன் என்னும் தெருவின் ஒரு முனையில் செங்கல்லால் எழுப்பிய பழைய கட்டடம் ஒன்று நிற்கிறது. பிரான்சு நாட்டில் சமயத்தின் பெயரால் துன்புறுத்தப்பட்டு ஓடிவந்த ஹியூகனாட் சபையினர் 1743ஆம் ஆண்டில் அதைத் தம் ஆலயமாகக் கட்டினர். அவர்களைத் துரத்தியவன் கத்தோலிக்க அரசன் என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. பின்னர் 1819இல் அது மெத்தடிஸ்டு சபையாரின் கைக்கு வந்தது. இரஷ்யப் பேரரசின் கொடுமைக்குத் தப்பிவந்த யூத மக்கள் 1898இல் அதைத் தொழுகைக்கூடமாக்கினர். 1976இல் வங்காளதேசத்திலிருந்து வந்து குடியேறிய இஸ்லாமியரின் பள்ளிவாசலாயிற்று. இன்றும் அப்படியே இருக்கிறது.

இந்தக் கட்டடத்தைச் சமய நல்லிணக்கத்தின் சின்னமாக எடுத்துக்காட்டுவோர் பலர். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. ஒரு கூட்டத்தார் சற்றே வசதி பெற்று வேறிடம் போனபின்னரே அடுத்த கூட்டத்தார் உள்ளே வந்தனர். ஒருவரோடு ஒருவர் அமர்ந்து பேசிய இடமன்று அது. ஒருவர் விட்டுச்சென்ற வறுமையை மற்றொருவர் ஏற்றுக்கொண்ட இடம். அந்தப் பகுதியில் வெவ்வேறு சமயத்தார் உண்மையாகவே ஒன்றுகூடி அமர்ந்த தருணங்களைத் தேடினால், அவை பெரும்பாலும் கூலியைப் பற்றிய வழக்குகளாகவே இருக்கின்றன. அவற்றுள் இரண்டினை இங்கே சற்று விரிவாகக் காண்போம். ஒன்று 1889இல் நிகழ்ந்தது. மற்றொன்று 2001இல் தொடங்கியது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் உலகிலேயே பெரிய துறைமுகமாக இலண்டன் விளங்கியது. தேயிலையும் சர்க்கரையும் சணலும் ஏற்றிவந்த கப்பல்கள் தேம்ஸ் ஆற்றங்கரையில் வரிசையாக நின்றன. அவற்றை இறக்கிய மனிதர்களுக்கோ நாள் முழுமைக்கும் வேலை என்பதே இல்லை. விடியற்காலையில் துறைமுக வாயிலில் கூட்டமாக நிற்பார்கள். மேலாள் வந்து விரல் நீட்டி அழைப்பவனுக்கு மட்டுமே வேலை. முன்வரிசையில் நிற்பதற்காக ஒருவரையொருவர் மிதித்துக்கொண்ட காட்சிகளை அக்காலத்தவர் எழுதிவைத்திருக்கின்றனர். அழைக்கப்பட்டவனுக்கும் சில வேளை ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம்தான் வேலை. மணிக்கு 5 பென்ஸ் கூலி. திராட்சைத் தோட்ட உவமையில், எங்களை எவரும் வேலைக்கு அமர்த்தவில்லை என்று கூறியவாறு சந்தை வெளியில் நாள்முழுதும் நின்றிருந்த மனிதர்களை நாம் ஞாயிறுதோறும் அல்லாவிடினும் அவ்வப்போது கேள்விப்படுகிறோம். அவர்கள் ஆயிரக்கணக்கில் அங்கே நின்றிருந்தனர். அவர்களுள் மிகப் பலர் பஞ்சத்தால் நாடு விட்டுவந்த அயர்லாந்துக் கத்தோலிக்கரின் மக்கள்.

1889ஆம் ஆண்டு ஆகஸ்டு 14ஆம் நாள் வேலைநிறுத்தம் வெடித்தது. பென் டில்லெட், ஜான் பேர்ன்ஸ், டாம் மான் ஆகியோர் தலைமையேற்றனர். கோரிக்கைகள் எளியவை. மணிக்கு 5 பென்ஸை 6 பென்ஸ் ஆக்க வேண்டும். மிகைநேரத்திற்கு 8 பென்ஸ். ஒருவனை வேலைக்கு அழைத்தால் குறைந்தது நான்கு மணி நேரமாவது வேலை கொடுக்க வேண்டும். இடையில் ஒப்பந்தக்காரரை வைத்து வேலை வாங்கும் முறை ஒழிய வேண்டும். இந்தக் கடைசிக் கோரிக்கையை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். பிற்பகுதியில் அது மீண்டும் வரும்.

வேலைநிறுத்தம் ஒரு மாதம் நீடித்தது. ஒரு இலட்சம் பேர் வரை வேலைக்குச் செல்லவில்லை. பட்டினி வீட்டு வாயிலில் வந்து நின்றது. இரட்சணிய சேனையார் மலிவு விலையில் ரொட்டி வழங்கினர். எதிர்பாராத திசையிலிருந்தும் உதவி வந்தது. ஆஸ்திரேலியத் தொழிலாளரும் பொதுமக்களும் 30,000 பவுனுக்கு மேல் திரட்டி அனுப்பினர். அதே நாள்களில் வொய்ட்சேப்பல் பகுதியின் யூதத் தையற்காரர்களும் தங்கள் வேலை நேரத்தைக் குறைக்கக் கோரி வேலைநிறுத்தம் செய்தனர். துறைமுகத் தொழிலாளர் தம் போராட்ட நிதியிலிருந்து அவர்களுக்கும் பங்கு கொடுத்தனர். பசித்தவன் பசித்தவனுக்குக் கொடுத்த அந்தப் பங்கைப் பற்றி வரலாற்று நூல்கள் ஓரிரு வரிகளே எழுதுகின்றன.

பேச்சுவார்த்தை முறிந்து நின்ற வேளையில், நகரத் தலைவரின் மாளிகையில் சமரசக் குழு ஒன்று கூடியது. அதில் ஆங்கிலிக்கன் திருச்சபையின் இலண்டன் பேராயர் பிரடெரிக் டெம்பிள் இருந்தார். கத்தோலிக்கக் கர்தினால் ஹென்றி எட்வர்டு மானிங்கும் இருந்தார். இன்று இது நமக்குச் சாதாரணமாகத் தோன்றலாம். கத்தோலிக்கருக்கு இங்கிலாந்தில் முழுமையான குடியுரிமைகள் கிடைத்ததே 1829இல்தான். மறைமாவட்டங்கள் மீண்டும் நிறுவப்பட்டது 1850இல். அதிலும் மானிங், ஆங்கிலிக்கன் திருச்சபையில் உயர்பதவி வகித்து, 1851இல் கத்தோலிக்கராக மாறியவர். இரு சபையாரிடையே அவரைப் பற்றிய கசப்பு முற்றும் ஆறாத காலம் அது. அத்தகையவர் ஆங்கிலிக்கன் பேராயரோடு ஒரே மேசையில் அமர்ந்து கூலிக் கணக்குப் பேசினார்.

டெம்பிள் இடையில் விடுமுறைக்காக நகரை விட்டு நீங்கிவிட்டார். எண்பத்தொரு வயது நிரம்பிய மானிங் நீங்கவில்லை. வங்கி ஆளுநராகவும் மேற்கிந்தியத் தீவு வணிகராகவும் இருந்த ஒருவரின் மகன் அவர். எனவே துறைமுக இயக்குநர்களின் மொழி அவருக்குத் தெரியும். அவர்களிடம் சென்றார், போராட்டக் குழுவிடமும் சென்றார். கூலி உயர்வை எந்த நாளிலிருந்து தருவது என்பதில்தான் இறுதி இழுபறி. இயக்குநர்கள் அடுத்த ஆண்டு சனவரியைக் காட்டினர்; தொழிலாளர் உடனே வேண்டும் என்றனர். செப்டம்பர் 10ஆம் நாள், பாப்லர் பகுதியில் இருந்த ஒரு கத்தோலிக்கப் பள்ளியின் அறையில், போராட்டக் குழுவினரோடு மானிங் பல மணி நேரம் அமர்ந்தார். நவம்பர் 4 என்னும் நாளை அவர்கள் ஏற்கச் செய்தார். அக்குழுவினரில் பலர் எந்தச் சமயத்தையும் நம்பாத சமதர்மவாதிகள். கர்தினால் அவர்களிடம் திருமுழுக்குப் பற்றிப் பேசவில்லை. பிள்ளைகளின் பசியைப் பற்றிப் பேசினார். செப்டம்பர் 14இல் உடன்பாடு கையெழுத்தாயிற்று; 16இல் வேலை தொடங்கியது. மக்கள் அதைக் கர்தினாலின் சமாதானம் என்றே அழைத்தனர். அதன்பின் தொழிற்சங்கக் கொடிகளில் மார்க்சின் படத்திற்கு அருகே மானிங்கின் படமும் வரையப்பட்டது. 1891 மே 15இல் திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் வெளியிட்ட தொழிலாளர் சுற்றுமடலை நாம் படிக்கும்போது, அதற்கு இரண்டாண்டுகளுக்கு முன்னர் பாப்லர் பள்ளியறையில் நடந்ததையும் சேர்த்துப் படிப்பது நன்று.

இடையில் ஒரு நிகழ்ச்சியைச் சொல்லாமல் கடக்க மனம் வரவில்லை. 1912இல் மீண்டும் துறைமுகத்தில் வேலைநிறுத்தம் நடந்தது; இம்முறை தோல்வி. அதே வேளையில் யூதத் தையற்காரர்களும் போராடி வென்றிருந்தனர். அவர்களுக்கு வழிகாட்டியவர் ருடால்ஃப் ராக்கர் என்னும் செர்மானியர், யூதர் அல்லர், ஆயினும் யூதரின் இத்திஷ் மொழியைக் கற்று அதிலேயே பத்திரிகை நடத்தியவர். துறைமுகத் தொழிலாளரின் பிள்ளைகள் பட்டினி கிடப்பதைக் கண்ட யூதக் குடும்பங்கள், முந்நூற்றுக்கும் மேற்பட்ட பிள்ளைகளைத் தம் இல்லங்களுக்கு அழைத்துச் சென்று உணவளித்தன. கத்தோலிக்கக் குழந்தைகள் யூத வீடுகளில் உண்டன. இருபத்து நான்கு ஆண்டுகள் கழித்து, 1936 அக்டோபர் 4இல், மோஸ்லியின் கருஞ்சட்டைப் படையினர் யூதர்களின் தெருக்கள் வழியே ஊர்வலம் செல்ல வந்தபோது, கேபிள் தெருவில் தடை எழுப்பி நின்றவர்களுள் அயர்லாந்துத் துறைமுகத் தொழிலாளரும் இருந்தனர். அயர்லாந்தினர் அனைவரும் அப்பக்கம் நின்றனர் என்று சொல்வது மிகையாகும். ஆனால் நின்றவர்களுள் பலருக்கு 1912 நினைவில் இருந்தது என்று அப்பகுதியினர் சொல்லிவந்தனர்.

காலம் மாறியது. பெரிய சரக்குப் பெட்டிகளை ஏற்றிய பெருங்கப்பல்கள் வந்தபின் பழைய துறைமுகம் பயனற்றுப் போயிற்று. 1981ஆம் ஆண்டுடன் இலண்டனின் உட்துறைமுகங்கள் அனைத்தும் மூடப்பட்டன. வேலைநிறுத்தம் தொடங்கிய அந்த மேற்கிந்தியத் துறை இருந்த இடத்திலேயே கானரி வார்ஃப் என்னும் வங்கி நகரம் எழுந்தது. அதன் முதற்கோபுரம் 1991இல் நிறைவுற்றது. பகலில் அங்கே கோடிகள் புரண்டன. இரவில் அந்த மாடிகளைப் பெருக்கித் துடைத்தவர்கள், ஆற்றங்கரையின் பழைய தெருக்களிலிருந்து வந்த வங்காளியரும் ஆப்பிரிக்கரும் தென்னமெரிக்கரும் கிழக்கு ஐரோப்பியரும். ஈழத்தமிழரும் கணிசமாகக் குடியேறிய ஈஸ்ட் ஹாம் பகுதியும் அதே கிழக்கு இலண்டன்தான். துறைமுக வாயிலில் நின்ற மேலாளுக்குப் பதிலாக இப்போது துப்புரவு ஒப்பந்த நிறுவனம் இருந்தது.

இந்தச் சூழலில் அங்கே ஒரு புதிய வகைக் கூட்டமைப்பு தோன்றியது. அதன் வேர் இங்கிலாந்தில் இல்லை. அமெரிக்காவின் சிக்காகோ நகரில் இருக்கிறது. அதைச் சிறிது சொன்னாலன்றிப் பின்னால் வருவது விளங்காது.

சிக்காகோவின் இறைச்சிக் கூடங்களுக்குப் பின்புறம் அமைந்த ஒரு சேரியில், 1930களில் போலந்தினர், லித்துவேனியர், சுலோவாக்கியர், செர்மானியர், அயர்லாந்தினர் என்று பல நாட்டுக் கத்தோலிக்கர் வாழ்ந்தனர். ஒவ்வொரு நாட்டாருக்கும் தனித்தனிக் கோவில். ஒரே திருச்சபை, ஒரே தெரு. ஆயினும் ஒரு கோவில் குருவானவர் மறு கோவில் குருவானவரோடு பேசுவதில்லை. (நம் ஊர்களில் சாதிக்கொரு தெருவும் கல்லறைக்கொரு சுவரும் கண்ட நமக்கு இதில் வியப்பு ஏது?) சால் அலின்ஸ்கி என்னும் இளைஞர் அங்கே வந்தார். யூதக் குடும்பத்தில் பிறந்தவர், வழிபாட்டில் நாட்டமில்லாதவர். சிக்காகோவின் துணை ஆயர் பெர்னார்டு ஷீல் அவருக்கு ஆதரவளித்தார். 1939 சூலை 14இல் கோவில்களும் தொழிற்சங்கமும் கழகங்களும் கடைக்காரர்களும் ஒரே மன்றமாகக் கூடினர். அதற்கு இரண்டு நாள் கழித்து, இறைச்சிக் கூடத் தொழிலாளரின் பொதுக்கூட்ட மேடையில், தொழிற்சங்கத் தலைவர் ஜான் லூயிசின் அருகில் ஆயர் ஷீல் அமர்ந்தார். பொதுவுடைமையாளர் செல்வாக்குடைய சங்கம் அது; ஆயருக்குப் பலர் எச்சரிக்கை விடுத்திருந்தனர். பெரும் நிறுவனம் வேலைநிறுத்தமின்றியே இணங்கிவந்தது.

அலின்ஸ்கியை நம்மவர் பலர் ஐயத்தோடு பார்ப்பதுண்டு. அவருடைய எழுத்தில் ஐயத்திற்கு இடமும் உண்டு. ஆனால் கத்தோலிக்க மெய்யியலறிஞர் ழாக் மரித்தேன் அவரைத் தம் நண்பராக மதித்தார். பின்னாளில் திருத்தந்தை ஆறாம் பவுலாகிய மிலான் பேராயர் மொந்தீனியிடம் 1958இல் அவரை அறிமுகம் செய்துவைத்தவரும் மரித்தேனே. இச்செய்தி, ஒருவரை முழுவதும் ஏற்காமலே அவரிடமிருந்து கற்றுக்கொள்ளலாம் என்று அப்பெரியோர் எண்ணியதைக் காட்டுகிறது.

சிக்காகோ முறையைக் கற்றுவந்த நீல் ஜேம்சன் என்னும் ஆங்கிலேயர் 1989இல் இங்கிலாந்தில் ஓர் அமைப்பைத் தொடங்கினார். முதலில் வேறு நகரங்களில் முயன்றார்; அவை நெடுநாள் நிலைக்கவில்லை. 1996 நவம்பரில் கிழக்கு இலண்டனின் பெத்னல் கிரீன் பகுதியிலுள்ள யார்க் மண்டபத்தில் டெல்கோ என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட கிழக்கு இலண்டன் சமூகக் கூட்டமைப்பு பிறந்தது. யார்க் மண்டபம் குத்துச்சண்டைப் போட்டிகளுக்குப் பெயர்பெற்றது என்பதை அங்குள்ளோர் நகைச்சுவையாகச் சொல்வதுண்டு. கத்தோலிக்கப் பங்குகள், ஆங்கிலிக்கன், மெத்தடிஸ்டு சபைகள், வொய்ட்சேப்பலின் கிழக்கு இலண்டன் பள்ளிவாசல், பள்ளிக்கூடங்கள், தொழிற்சங்கக் கிளைகள் ஆகியவை காலப்போக்கில் அதில் உறுப்பாயின.

இதில் தனிமனிதர் உறுப்பினராக முடியாது; நிறுவனங்களே உறுப்பினர். ஒவ்வொரு பங்கும் ஒவ்வொரு பள்ளிவாசலும் ஆண்டுச் சந்தா கட்ட வேண்டும். இது சிறிய செய்தி போல் தோன்றும். அரசின் நிதியில் இயங்கும் அமைப்பு அரசை எதிர்த்துக் கேள்வி கேட்கத் தயங்கும். செல்வரின் நிதியில் இயங்குவது செல்வரைக் கேட்காது. ஏழைகளின் காணிக்கைத் தட்டிலிருந்து வந்த பணமே அவர்களுக்குப் பேசும் துணிவைத் தந்தது.

மற்றொன்று, தனியுரையாடல். பயிற்சி பெற்றவர்கள் பங்கு மக்களையும் தொழுகைக்கு வருவோரையும் ஒருவர் ஒருவராகச் சந்தித்து, அரைமணி நேரமேனும் அமர்ந்து கேட்பார்கள். உரை நிகழ்த்தக்கூடாது, துண்டறிக்கை கொடுக்கக்கூடாது. உங்கள் குடும்பத்தை அழுத்துவது எது, எதைக் கண்டு உங்களுக்குச் சினம் வருகிறது என்று கேட்க வேண்டும். பிறகு காது கொடுக்க வேண்டும். தொடக்கக் காலத்தில் இவ்வாறு வெளிவந்த குறைகள் மிகச் சாதாரணமானவை. ஓர் எண்ணெய் ஆலையிலிருந்து வந்த துர்நாற்றம் அவற்றுள் ஒன்று. இறையியல் அறிஞர் எவரும் அதைப் பல்சமய உரையாடலின் பொருளாகத் தெரிந்தெடுக்க மாட்டார். ஆனால் துர்நாற்றம் கத்தோலிக்கர் மூக்கையும் இஸ்லாமியர் மூக்கையும் வேறுபடுத்திப் பார்ப்பதில்லை.

2000ஆம் ஆண்டையொட்டி நடந்த உரையாடல்களில் ஒரே செய்தி வெவ்வேறு வாய்களிலிருந்து திரும்பத் திரும்ப வந்தது. பிள்ளைகளோடு இருக்க நேரமில்லை என்பதே அது. பங்குத்தந்தையிடம் தாய்மார் சொன்னார்கள். இமாமிடம் தந்தையர் சொன்னார்கள். காரணத்தைத் துருவியபோது கூலி வெளிப்பட்டது. ஒரு வேலையின் சம்பளம் போதாமையால் இரண்டு வேலை, சிலருக்கு மூன்று. நள்ளிரவில் ஒரு கட்டடம், விடியலில் இன்னொரு கட்டடம். சட்டப்படியான குறைந்தபட்சக் கூலி 1999 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. மணிக்கு 3 பவுன் 60 பென்ஸ். அந்தத் தொகையில் இலண்டனில் எவரும் குடும்பம் நடத்த முடியாது. ஆகவே வேறொரு கேள்வி எழுந்தது. சட்டம் எவ்வளவு தரச் சொல்கிறது என்பது ஒரு கணக்கு. ஒரு குடும்பம் மானத்தோடு வாழ எவ்வளவு வேண்டும் என்பது மற்றொரு கணக்கு.

இரண்டாவது கணக்கை அவர்கள் உணர்ச்சியால் போடவில்லை. தொழிற்சங்கத்தின் உதவியுடன், யார்க் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த குடும்ப வரவுசெலவு ஆய்வுப் பிரிவைக் கொண்டு, வாடகை, உணவு, பேருந்துக் கட்டணம், குழந்தைப் பராமரிப்பு என்று பட்டியலிட்டுக் கணக்கிட்டனர். மணிக்கு 6 பவுன் 30 பென்ஸ் என்று வந்தது. 2001இல் வாழ்வூதிய இயக்கம் தொடங்கியது. தொழிலாளிக்கும் அவன் குடும்பத்திற்கும் தகுதியான வாழ்வுக்குப் போதிய கூலி என்பது சிங்கராயரின் சுற்றுமடல் காலத்திலிருந்தே நாம் படித்துவரும் பாடம். கூலியாளின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுத்துவிட வேண்டும் என்பதை நபிகளாரின் போதனையாக இஸ்லாமியர் போற்றுகின்றனர். பொழுது சாயுமுன் கொடுக்கும்படி மோசேயின் சட்டம் யூதரைப் பணிக்கிறது. இவ்வளவு ஒப்புமை இருந்தும், இந்த மூன்றையும் ஒரே மேசையில் வைத்துப் பேச ஒரு கூலிக் கணக்கு தேவைப்பட்டது.

எதிர்ப்பு எங்கிருந்து வந்தது? எவரும் எதிர்க்கவில்லை என்பதே உண்மையான சிக்கல். வங்கியிடம் போனால், துப்புரவுப் பணியாளர் எங்கள் ஊழியர் அல்லர், ஒப்பந்த நிறுவனத்தைக் கேளுங்கள் என்றனர். ஒப்பந்த நிறுவனமோ, வங்கி தரும் தொகைக்குள்தானே நாங்கள் கூலி கொடுக்க முடியும் என்றது. இருவர் கூற்றிலும் சிறிது உண்மை இருந்தது. இருவர் கூற்றுக்கும் இடையில் தொழிலாளி விழுந்தான். இடைப்பட்ட ஒப்பந்தக்காரரை ஒழிக்க வேண்டும் என்று 1889இல் எழுப்பிய கோரிக்கையை நினைவில் வைக்கச் சொன்னது இதற்காகத்தான். நூற்றுப்பன்னிரண்டு ஆண்டுகளில் முறை ஒழியவில்லை, செம்மைப்பட்டிருந்தது. யார் முதலாளி என்பதே தெரியாத நிலையில் யாரிடம் கோரிக்கை வைப்பது? கூட்டமைப்பு ஒரு முடிவுக்கு வந்தது. ஒப்பந்தத்தின் விலையை நிர்ணயிப்பவரே உண்மையான முதலாளி. எனவே கானரி வார்ஃபில் தலைமையகம் அமைத்த எச்எஸ்பிசி வங்கியையே நேராகக் கேட்பது என்று தீர்மானித்தனர்.

கடிதங்களுக்குப் பயனான பதில் வரவில்லை. ஒருநாள் உறுப்பினர்கள் அவ்வங்கியின் ஆக்ஸ்ஃபோர்டு தெருக் கிளைக்குச் சில்லறை நாணயப் பைகளுடன் சென்று வரிசையில் நின்றனர். நாணயங்களைப் பொறுமையாக எண்ணிக் கணக்கில் கட்டினர். மற்ற வேலை நின்றது. சட்டத்தை மீறிய செயல் எதுவும் இல்லை. பின்னர் சில பங்குகளை வாங்கி, பங்குதாரர் என்ற உரிமையோடு ஆண்டுப் பொதுக்கூட்டத்தினுள் நுழைந்தனர். 2003இல், அந்த வங்கித் தலைவரின் அலுவலகத்தை இரவில் துப்புரவு செய்துவந்த ஒருவர் அக்கூட்டத்தில் எழுந்து நின்றார். ஐந்து பிள்ளைகளின் தந்தை. மணிக்கு 5 பவுன் கூலி. ஓய்வூதியமோ நோய்க்கால ஊதியமோ இல்லை. ஒரே அறையில்தான் இருவரும் வேலை செய்கிறோம், ஆனால் இருவர் உலகமும் வேறு என்னும் கருத்தை மரியாதையோடு தலைவரின் முகத்துக்கு நேரே எடுத்துரைத்தார். மறுநாள் செய்தித்தாள்கள் அதைப் பேசின. அடுத்த ஆண்டில் வங்கி இணங்கியது, கூலி உயர்ந்தது, விடுப்பும் நோய்க்கால ஊதியமும் வந்தன. அண்டையிலிருந்த மற்றொரு பெரு வங்கியும் அவ்வழியே சென்றது. கிழக்கு இலண்டனின் மருத்துவமனைகளிலும் மாற்றம் தொடர்ந்தது. குயீன் மேரி பல்கலைக்கழகம் 2006இல் வாழ்வூதியம் தர முன்வந்ததோடு, பின்னர் துப்புரவாளரைத் தன் சொந்த ஊழியராகவே ஏற்றுக்கொண்டது. 2005 முதல் மாநகர ஆட்சியே இலண்டன் வாழ்வூதியத்தைக் கணக்கிட்டு அறிவித்தது. அந்த முதல் தொகை 6 பவுன் 70 பென்ஸ்.

இந்த வெற்றிகளைக் காட்டிலும் என்னை ஆழமாகச் சிந்திக்க வைப்பது 2005 சூலைத் திங்களின் இரண்டு நாள்கள். சூலை 6இல் 2012 ஒலிம்பிக் போட்டிகள் இலண்டனுக்கு என்று அறிவிக்கப்பட்டன. அவை நடக்கவிருந்த இடம் கிழக்கு இலண்டன். அதற்கு முந்திய ஆண்டிலேயே, விளையாட்டு அமைப்பாளர்களிடமும் மாநகரத் தலைவரிடமும் வாழ்வூதியம், உள்ளூர் மக்களுக்குத் தொழிற்பயிற்சி, அவர்கள் வாங்கக்கூடிய விலையில் வீடுகள் ஆகிய வாக்குறுதிகளைக் கூட்டமைப்பு கையெழுத்தாகவே பெற்றிருந்தது. அந்த மகிழ்ச்சி ஓர் இரவுதான் நீடித்தது. மறுநாள் காலை, சூலை 7இல், சுரங்க இரயில்களிலும் ஒரு பேருந்திலும் குண்டுகள் வெடித்தன. 52 பேர் உயிரிழந்தனர். முதல் குண்டுகளில் ஒன்று ஆல்ட்கேட் நிலையத்தருகே வெடித்தது. கிழக்கு இலண்டன் பள்ளிவாசல் அங்கிருந்து நடந்து செல்லும் தொலைவில் இருக்கிறது. காயமுற்றோர் கொண்டுசெல்லப்பட்ட ராயல் இலண்டன் மருத்துவமனையும் அதே சாலையில்தான்.

இத்தகைய நேரத்தில் நல்லிணக்கக் கூட்டங்கள் கூட்டப்படுவதும், தலைவர்கள் கைகோத்துப் படம் எடுத்துக்கொள்வதும் உலகெங்கும் வழக்கம். நம் நாட்டிலும் கலவரத்திற்குப் பின் அமைதிக் குழு அமைப்பதே மரபு. நெருப்புப் பற்றியபின் கிணறு வெட்டுவதை ஒத்த செயல் அது; வேண்டாம் என்று சொல்லவில்லை, நேரம் போதாது என்கிறேன். வொய்ட்சேப்பலில் கிணறு முன்னமே வெட்டப்பட்டிருந்தது. இமாமின் தொலைபேசி எண் பங்குத்தந்தையிடம் இருந்தது. ஒன்பது ஆண்டுகளாக அவர்கள் சில்லறைப் பையோடு ஒரே வரிசையில் நின்றவர்கள். ஐயத்தின் காற்று எங்கும் வீசிய அந்தக் காலத்திலும் கூட்டமைப்பு உடையவில்லை. 2006 மே முதல் நாளில், தொழிலாளரான புனித யோசேப்பின் விழாவன்று, வெஸ்ட்மின்ஸ்டர் பேராலயத்தில் கர்தினால் மர்ஃபி ஓ'கானர் குடிபெயர்ந்த தொழிலாளருக்காகத் திருப்பலி நிறைவேற்றினார். அடுத்த ஆண்டு மே 7இல், பல்லாண்டுகள் அங்கே உழைத்தும் ஆவணங்கள் இல்லாதிருந்தோருக்கு உரிமை வேண்டி டிராஃபால்கர் சதுக்கத்தில் பல்லாயிரவர் கூடினர். அந்தக் கோரிக்கை இன்றுவரை நிறைவேறவில்லை.

இந்த முறையின்மீது குறைகூறுவோர் உண்டு. அவர்கள் சொல்வதையும் கேட்க வேண்டும். கூட்டமைப்பு கூலியையும் வீட்டையும் பேசியது. மத்தியக் கிழக்குப் போரையும், கருக்கலைப்பையும், மதமாற்றத்தையும் பேசவில்லை. ஒத்துவரும் பொருளை மட்டும் எடுத்துக்கொண்டு ஒவ்வாததைத் திரைக்குப் பின் தள்ளுவது உண்மையான உரையாடல் ஆகுமா என்று கேட்கின்றனர். கேள்வி நேர்மையானது. எனினும், நம்பிக்கை வளராத இருவர் முதல் நாளிலேயே மிகக் கடினமான பொருளைப் பேசத் தொடங்கினால் இரண்டாம் நாள் சந்திப்பு நிகழாது என்பதைக் குடும்ப வாழ்வில் உள்ள எவரும் அறிவர். மறைத்தல் வேறு, காத்திருத்தல் வேறு. மற்றொரு குறை கூர்மையானது. வங்கியைக் கேட்கும் கோவில், தன் வளாகத்தைப் பெருக்குபவருக்கு என்ன கொடுக்கிறது? வாழ்வூதியம் கேட்டு வீதிக்கு வந்த சபைகள் முதலில் தம் கணக்கேட்டைத் திறந்து பார்க்க வேண்டியதாயிற்று. நம் பள்ளிகளிலும் மருத்துவமனைகளிலும் பங்கு இல்லங்களிலும் ஒப்பந்த அடிப்படையில் துப்புரவு செய்யும் அம்மாக்களின் மாதச் சம்பளம் எவ்வளவு என்று நம்முள் எத்தனை பேருக்குத் தெரியும்? பங்குப்பேரவையின் ஆண்டுக் கணக்கில் விழாச் செலவு தனித்தனி வரியாக வருகிறது. அவர்கள் கூலி இதர செலவுக்குள் ஒளிந்திருக்கிறது.

2011இல் வாழ்வூதியத்திற்கென்றே தனி அறக்கட்டளை அமைந்தது. பல்லாயிரம் நிறுவனங்கள் அதன் தொகையைத் தாமாக ஏற்றுள்ளன. 2016இல் அரசே தேசிய வாழ்வூதியம் என்ற பெயரில் புதிய குறைந்தபட்சக் கூலியை அறிவித்தது. 25 வயதுக்கு மேற்பட்டோருக்கு மணிக்கு 7 பவுன் 20 பென்ஸ். அப்போது கூட்டமைப்பின் வழிவந்த இலண்டன் கணக்கோ 9 பவுன் 40 பென்ஸ். பெயரை அரசு எடுத்துக்கொண்டது, கணக்கை எடுத்துக்கொள்ளவில்லை என்று அங்குள்ளோர் சொல்லிக்கொண்டனர்.

வீடுகளைப் பற்றிய வாக்குறுதி மெல்லவே நகர்ந்தது. ஒலிம்பிக் திடலில் கேட்ட இடம் கிடைக்கவில்லை. போ சாலையில் 1849இல் ஏழையர் விடுதியாகத் திறக்கப்பட்டு, பின்னர் மனநல மருத்துவமனையாகி, 2005இல் மூடப்பட்ட புனித கிளமெண்டு வளாகம் இறுதியில் கிடைத்தது. அங்கே எழுந்த 250 வீடுகள் அளவிலான குடியிருப்பில் 23 மட்டுமே மக்கள் நில அறக்கட்டளைக்கு வந்தன. அவற்றின் விலை சந்தையைப் பார்த்து வைக்கப்படவில்லை. அப்பகுதி மக்களின் நடுத்தர வருமானத்தைக் கொண்டு கணக்கிடப்பட்டது. வாங்கியவர் பின்னாளில் விற்றாலும் அதே கணக்கின்படியே விற்க வேண்டும் என்பது நிபந்தனை. 2017இல் முதல் குடும்பங்கள் அங்கே குடியேறின.